முதல் கிளாஸை ஊற்றுகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாளைக் காய்வெட்டு என்போம். பெயர்தான் காய்வெட்டு. வெள்ளரிக்காய், பூசணி, சேனை, வாழைக்காய் எல்லாவற்றையும் அடுக்களையில் உட்கார்ந்து வெட்டுவது பெண்கள். முற்றத்துப் பந்தலில் தேங்காய் உடைத்துத் துருவுவது ஆண்கள், அதிலும் இளவட்டங்கள். கல்யாணச் சாப்பாட்டை இப்போதெல்லாம் மண்டபத்தில் காண்டிராக்ட்காரர் பார்த்துக்கொள்கிறார். முந்தின நாள் வீட்டில் போடும் சாப்பாடு மட்டும் இன்றைக்கும் ஊர்க்காரர்களே கூடி ஆக்குவது. பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவில் எந்த வீட்டில் பந்தல் போட்டாலும் இதுதான் வழக்கம். காய்வெட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் அந்த வீட்டுக்காரனுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று பேசிக்கொள்வார்கள்.

இதற்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சடங்கு உண்டு. துருவ வருகிற பையன்களை வீட்டுக்காரன் கவனிக்க வேண்டும். கவனிப்பது என்றால், வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோட்டமான வாழைவிளையிலோ தொழுவத்தின் மறைவிலோ ஒரு பெஞ்சைப் போட்டு, அதன்மேல் குப்பியும் கிளாஸும் தண்ணீரும் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் நடமாடுவது. வீட்டுக்காரன் குடிக்காதவனாக இருக்கலாம். குடியை வெறுக்கிறவனாகக்கூட இருக்கலாம். ஆனாலும் குப்பி வைப்பான். வைக்காவிட்டால் கஞ்சப்பயல் என்ற பெயர் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும். பையன்கள் இரண்டு தேங்காயைத் துருவிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்வருவார்கள். உள்ளே இருக்கும் எங்களுக்கு அது தெரியும். தெரிந்தாலும் பூசணிக்காயில் கண்ணை வைத்துக்கொண்டு வெட்டுவோம்.

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் பள்ளியின் போதைத் தடுப்புக் குழுவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளை அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறானா, கண் சிவந்திருக்கிறதா, கூட்டாளிகள் திடீரென்று மாறிவிட்டார்களா, பள்ளிக்கூட வாசலில் தெரியாத ஆட்கள் சுற்றுகிறார்களா, இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். பெற்றோர்கள் பயந்த முகத்தோடு தலையாட்டுவார்கள். கஞ்சாவும் பொடியும் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்து நம் பிள்ளை பையில் விழுந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நான் வாசித்த எந்த எச்சரிக்கையிலும் பெரியப்பா கிடையாது. தாய்மாமன் கிடையாது. அடுத்த வீட்டு அண்ணன் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். கொத்தனார் ஒருவரின் மனைவி. கணவர் இறந்து சில வருஷம் ஆகிறது. மகளை அவர் இருக்கும்போதே கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் ஒருத்தன் கூட இருக்கிறான். என்னிடம் படித்தவன். ஓட்டப்பந்தயத்தில் ஜில்லா அளவுக்குப் போய்ப் பரிசு வாங்கி வந்தவன். அவன் ஓடுவதைப் பார்க்கவே மதிய இடைவேளையில் டீச்சர்கள் வராந்தாவுக்கு வந்து நிற்போம். இப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, கை நடுங்குகிறது. குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார் அந்த அக்கா. மகன் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டு வருவான். பிறகு எங்கேயாவது பந்தல் எழும்பும். யாரும் அழைக்க வேண்டாம், காலையிலேயே போய் நிற்பான். தேங்காய் துருவுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். அவன் எப்போது எப்படித் தொடங்கினான் என்று நான் கேட்டதில்லை. அந்த அக்காவிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

என் மகளுக்கு மேட மாதத்தில், அதாவது சித்திரையில், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டுக் காய்வெட்டுக்கு என் கணவரும் மகனும் போயிருந்தார்கள். மகன் அப்போது பிளஸ் ஒன். மறுநாள் காலையில் துணி துவைக்கும்போது அவன் சட்டையை எடுத்தேன். தேங்காய் வாடையோடு வேறொரு வாடையும் இருந்தது. எத்தனையோ பேருடைய பிள்ளைகளின் சட்டையில் மோந்து பார்க்கச் சொன்னவள் நான். கல்லின்மேல் அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் போலீஸ் வேலை. அவன் குளிக்கப் போனதும் பையைக் குடைந்தேன். மேசை இழுப்பறையைத் தேடினேன். போனைப் பிடுங்கினேன். யார் கொடுத்தது என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் விளையாட்டுக் கிளப்பில் இருக்கும் பயல்களா, டியூஷனுக்கு வருகிறானே அவனா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன்.

"நான் கள்ளனாக்குமா?" என்றான் கடைசியில். பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவான்.

என் கணவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியவர் இல்லை. ஒரு சொட்டுக் குடித்ததில்லை. "கல்யாணம் கழியட்டும், பெறவு பேசலாம்" என்றார். மனுஷன் சமாதானப் பிரியர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

உண்மை எனக்குத் தெரிந்தது நெய்யாற்றின்கரையில். மகனுக்குக் கல்யாணத்துக்கு வேட்டியும் சட்டையும் எடுக்கப் போயிருந்தோம். திரும்பும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. பாறசாலை பஸ் ஒவ்வொன்றும் நிறைந்து வந்து நிற்காமல் போனது. ஒரு கடையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். துணிப்பையை நனையாமல் அவன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்திருந்தது. அதனால்தானோ என்னவோ அவனாகவே பேசினான்.

"அம்மா, எனக்கு அது வெளியில உள்ள ஆரும் தரல. பெரியப்பாவாக்கும் ஊத்தித் தந்தது."

பெரியப்பா என்றால் என் கணவரின் அண்ணன். ஒற்றசேகரமங்கலத்தில் இருக்கிறார், ரப்பர் விளை உண்டு. இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே மாமனார் இறந்துபோனதால், இவர் படிப்பை விட்டுவிட்டு ரப்பர் வெட்டப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தவர். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்த பிறகுதான் என் கணவர் உட்காருவார். நல்ல மனுஷர். பிள்ளைகளுக்குப் பலாப்பழம் இல்லாமல் வந்ததில்லை. என் மகன்மேல் உயிரையே வைத்திருப்பவர்.

"எதுக்கு வாங்கின?"

"நீ ஆளாயாச்சு, பிடின்னாரு. எல்லாரும் பாத்துட்டு நின்னாவ." துணிப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டான். "அப்பாவும் அங்ஙனதான் நின்னாரு."

மழை கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் நான் தவறாகக் கேட்டுவிட்டேனா என்று நினைத்தேன். அப்பாவா என்று கேட்டேன்.

"ஓ, ஆமா. நான் அப்பாவத்தான் பாத்தேன். வேண்டாம்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரு குனிஞ்சு தேங்காயப் பொறுக்கத் தொடங்கிட்டாரு."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. பிறகு நான் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். எப்படி இருந்தது?

"மொதல்ல கசந்துது. பெறவு..." மழையைப் பார்த்தான். "பெறவு நல்லாத்தான் இருந்துது. எல்லாரும் என்னைய சேத்துகிட்ட மாதிரி."

பையன் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நிஜத்தைச் சொல்லிவிட்டான். அவனுக்கு அது பிடித்திருந்தது. அடுத்த காய்வெட்டு எங்கள் வீட்டிலேயே வரப்போகிறது.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் காலையில் பறித்த வாழைப்பூவை உரித்துக்கொண்டிருந்தார். மகன் சொன்னதைச் சொன்னேன். பூவைக் கீழே வைத்தார்.

"அவன் என்னையப் பாத்தானா?" என்றார்.

"ஒங்களத்தான் பாத்தான்."

பிறகு தன் கதையைச் சொன்னார். அவருக்கும் இதே வயதில் இதே அண்ணன்தான் ஒரு கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தாராம். இவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாழையடியில் வாந்தி எடுத்திருக்கிறார். அத்தோடு அந்தப் பக்கமே போகவில்லை. "எனக்குப் பிடிக்கல. அவனுக்கும் பிடிக்காதுன்னு நெனச்சேன். நாலு பேரு மத்தியில அண்ணன் நீட்டுனத எப்படித் தட்ட?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்படியில் கிடந்த கரண்டியை எடுத்து அவர் காலடியில் வீசினேன். தனக்கு ஒத்துக்கொள்ளாதது பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளாது என்று நம்பி, பிள்ளையைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கரையில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர். குடிக்காத அப்பன் வீட்டில் இருந்தால் பிள்ளை தானாகக் குடிக்காமல் இருந்துவிடுவான் என்று நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. குடிக்காதே என்று அவனிடம் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டோம். ஊரெல்லாம் மைக்கில் சொன்னவள் என் வீட்டில் சொல்லவில்லை.

நம் வீட்டுக் காய்வெட்டில் குப்பி கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அண்ணனிடம் அதைச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. ஏனென்றால் பையன்களைக் கவனிக்கிற காரியத்தை தான் ஏற்றுக்கொள்வதாக அண்ணன் நிச்சயதார்த்தத்தின்போதே சொல்லியிருந்தார். மறுநாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு முற்றத்தில் வெகுநேரம் நடந்தார் என் கணவர். உள்ளே வந்து, சொல்லியாச்சு என்றார். நானும் நம்பினேன்.

காய்வெட்டு அன்றைக்கு மதியம் தாண்டியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பந்தல் நிறைந்தது. என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களையில் இறங்கினார்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் அந்த அக்காவும் வந்து, தன் வீட்டுக் கத்தியையே கொண்டுவந்து, வாசல் பக்கம் உட்கார்ந்து பூசணியை எடுத்துக்கொண்டார். அவருடைய மகன் காலையிலேயே வந்துவிட்டான். தேங்காய்க் குவியலுக்கு முன்னால் துருவியைப் போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கை நடுக்கம் துருவும்போது தெரியவில்லை.

நாலு மணி இருக்கும், ஒற்றசேகரமங்கலத்து ஜீப் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். பலாப்பழம் இறங்கியது. அதற்குப் பின்னால் சாக்கால் மூடிய ஓர் அட்டைப்பெட்டியும் இறங்கி, பந்தலைச் சுற்றிக்கொண்டு நேராக வாழைவிளைக்குப் போனது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அடுக்களைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "இஞ்ச பாருங்க, நீங்க அண்ணன்கிட்ட என்னதான் சொன்னிய?"

"கொஞ்சமாப் போதும்னு சொன்னேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதுதான் எங்கள் ஆட்கள். வேண்டாம் என்ற ஒரு சொல்லை வாய்க்குள் வைத்து மென்று மென்று, கடைசியில் கொஞ்சமாகப் போதும் என்று துப்புவார்கள். விருந்துக்காரன் மனம் நோகக்கூடாது, மூத்தவர் முகம் வாடக்கூடாது, ஊர் ஒன்றும் சொல்லக்கூடாது. இத்தனை பேருக்கும் மரியாதை செய்து முடித்த பிறகு பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. "ஒங்க மொவன் பந்தலில இல்ல. போய்ப் பாருங்க" என்றேன். அவர் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நடந்தார். நானும் பின்னால் போனேன், துவைக்கிற கல் வரைக்கும். அங்கிருந்து பார்த்தால் வாழைவிளை முழுதும் தெரியும். வெயில் இறங்கியிருந்தாலும் நல்ல வெளிச்சம்.

பெஞ்சைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கிளப் பையன்கள், என் கணவரின் சொந்தக்காரர்கள், நடுவில் அண்ணன். அந்த அக்காவின் மகனும் ஒரு வாழையில் சாய்ந்து நின்றான். என் மகன் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றான். கையில் கிளாஸ் இருந்தது. மற்றவர்கள் கிளாஸ் எல்லாம் காலியாகி இரண்டாம் தரம் நிறைந்துகொண்டிருந்தது. அவனுடையது விளிம்பு வரை அப்படியே இருந்தது. அவன் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை. வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா வருவாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிச்சயமாகச் சொல்வேன், அந்தப் பார்வை கொஞ்சநேரம்தான் அப்படி நின்றிருக்கும். வந்தவர் இந்தத் தடவையும் குனிந்திருந்தால் அவன் குடித்திருப்பான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டான்.

"வா தம்பி, வா" என்றார் அண்ணன். "அக்காளுக்க கல்யாணமாக்கும். பயலு இன்னும் வெட்கப்பட்டு நிக்கான்."

என் கணவர் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, எனக்க பிள்ளைக்குக் குடுக்காண்டாம்."

யாரோ சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே, "எலே, நீ எனக்கிட்டயா சொல்லுத?" என்றார்.

"ஒங்ககிட்டதான் அண்ணே. இவனுக்கு மட்டுமில்ல. இஞ்ச நிக்கது எல்லாம் பிள்ளைகளாக்கும். எனக்க வீட்டுல வச்சு ஆருக்கும் குடுக்காண்டாம். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்கிறேன். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. குரல் உடைந்து, பையன்கள் குரல் மாறும்போது கேட்குமே, அப்படிக் கேட்டது. பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"மக்கா, அதக் கீழ வையி. நீ குடிக்கது எனக்குப் பிடிக்காது. அன்னைக்கும் பிடிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். மகன் அவர் முகத்தையே பார்த்தான். அவன் கண் நிறைந்ததைத் துவைக்கிற கல் பக்கத்திலிருந்தே நான் பார்த்தேன். கிளாஸைப் பெஞ்சில் வைக்கக் குனிந்தான். அதற்குள் வாழையில் சாய்ந்து நின்றவன் இரண்டு எட்டு வைத்து வந்து, நடுங்குகிற கையை நீட்டி, "ஒனக்கு வேண்டாம்னா இஞ்ச தா மக்கா" என்று அதை வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டான். யாரும் தடுக்கவில்லை. என் கணவர் கையை உயர்த்தினார், ஆனால் அதற்குள் கிளாஸ் காலியாகிவிட்டது.

அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அவரோடு பாதிப்பேர் போய்விட்டார்கள். மறுநாள் மண்டபத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், மகளை ஆசீர்வதித்தார், சாப்பிடாமல் போனார். அந்த வருஷம் அதற்குப் பிறகு பலாப்பழம் வரவில்லை. என் கணவர் இரண்டு தடவை ஒற்றசேகரமங்கலம் போய்த் திண்டாடி வந்தார். இப்போது பேசுகிறார்கள், பழையபடி இல்லை. அந்த இழப்பு என் கணவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அப்பாவாக இருந்த மனுஷர். அவரைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. அவர் கெடுக்க நினைத்து ஊற்றவில்லை, ஆசையில் ஊற்றினார். அதுதான் இதில் பெரிய கஷ்டம்.

அன்றைக்கு அவியல் ரொம்பத் தாமதமாகத்தான் இறங்கியது. துருவ ஆள் இல்லாமல் டீச்சர்கள் துருவினார்கள், என் கணவர் துருவினார், மகன் அவருக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்து துருவினான். கிளப் பையன்களில் மூன்று நான்கு பேர் போகாமல் நின்றார்கள். காய்வெட்டு சப்பென்று போய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். சொல்லட்டும். என் மகன் இனிமேல் எந்த நாளும் தொடமாட்டான் என்று நான் எழுதித் தரமாட்டேன். அவனுக்கு இன்னும் எத்தனையோ பந்தல் இருக்கிறது. ஆனால் போய்வந்த பிறகு அவன் என்னிடமோ அவரிடமோ சொல்கிறான், நாங்களும் போலீஸாகாமல் கேட்கிறோம். இப்போது கூட்டங்களில் சிவந்த கண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காய்வெட்டைப் பற்றிப் பேசுகிறேன். சில அப்பாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு வாழைவிளையிலிருந்து நான் அடுக்களைக்குத் திரும்பி வந்தபோது பேச்சுச் சத்தம் அடங்கியிருந்தது. அந்த அக்கா வாசல் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. என் பிள்ளை கையிலிருந்து போன கிளாஸ் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாழைக்காயை எடுத்தேன்.

"எனக்க மொவன் அங்ஙன உண்டா டீச்சரே?" என்று கேட்டார்.

"உண்டு அக்கா."

"குடிச்சானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பூசணிப் பத்தையின் தோலைச் சீவி, அளவு பிசகாமல் துண்டு போட்டுத் தண்ணீரில் தள்ளினார்.

"ஒங்க வீட்டுக்காரரு சொன்னது இஞ்ச வரைக்கும் கேட்டுது" என்றார். "எனக்க மக கல்யாணத்துக்கு முந்தின நாளு, பயலுக்கு அவனுக்க அப்பனாக்கும் ஊத்திக் குடுத்தாரு. எனக்க மொவன் ஆளாயிட்டான்னு அவரு சொன்னதும் எல்லாரும் கைதட்டினாவ. அதுவும் இப்பிடித்தான் உள்ள கேட்டுது." கத்தியில் ஒட்டியிருந்த விதையை விரலால் வழித்தார். "நான் எந்திரிக்கல டீச்சரே. காய் வெட்டிட்டு இருந்தேன்."